கையிலே ஒரு கர்ப்பக்கிரகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குப் பஸ்ஸில் போக நேர்ந்தது. வண்டியில் சுமார் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் முப்பது பேருக்குக் குறையாமல் தலையைக் குனிந்துகொண்டு, கைகளை மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு, ஏதோ ஒன்றைத் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ மடத்துப் பக்தர் கூட்டம் அமர்த்திய வண்டியில் தவறி ஏறிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனோம். பிறகு பார்த்தால் அவர்கள் கையில் இருந்தது ஜெபமாலை அல்ல, செல்போன்!

நமக்குப் பக்கத்தில் இருந்தவர் மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றில் கல் வேலை செய்யும் வாலிபர். திருக்கழுக்குன்றம் மலை கண்ணுக்குப் பட்டதும் ஒரு கையைத் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றொரு கையின் பெருவிரல் மட்டும் படத்தைத் தள்ளுவதை நிறுத்தவேயில்லை. ஒரே சமயத்தில் இரண்டு தெய்வங்களுக்குப் பூசை செய்யும் சாமர்த்தியம் நம் பாட்டன்மார்களுக்குக்கூடக் கிடையாது.

இப்படிச் சொன்னால் இரண்டு சாராருக்குக் கோபம் வருகிறது. கடவுளைப் போய் செல்போனோடு ஒப்பிடுவதா என்கிறார்கள் ஆஸ்திகர்கள். விஞ்ஞானக் கருவியைப் போய் மூடநம்பிக்கையோடு ஒப்பிடுவதா என்கிறார்கள் படித்த வாலிபர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்கிறோம். காலையில் கண் விழித்ததும், பெண்டு பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒருவன் எதைத் தேடித் தலையணைக்கடியில் கையை விடுகிறான்? மாதா மாதம் தவறாமல் எதற்குக் காணிக்கை கட்டுகிறான்? தான் சாப்பிட மறந்தாலும் எதற்கு மின்சார நைவேத்தியம் காட்ட மறப்பதில்லை? கோவிலுக்குப் போகிறவனாவது வாரத்தில் ஒரு வேளை போய்விட்டுத் திரும்பிவிடுவான். இதுவோ கோவிலே கூட வருகிறது, கக்கூசுக்கும் வருகிறது!

இன்னொரு சங்கதி. முன்பெல்லாம் சாமி பெயரைச் சொல்லித் தபாலில் கார்டு வரும். இதைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் புதையல் கிடைக்கும், அனுப்பாவிட்டால் குடும்பம் நாசமாகும் என்று அதில் எழுதியிருக்கும். கார்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தபடியாலும், பத்துத் தடவை கை நோக எழுத வேண்டியிருந்தபடியாலும் பலர் அதைக் கிழித்துப் போட்டார்கள். இப்போது காசும் இல்லை, நோவும் இல்லை. ஒரு விரலை அழுத்தினால் ஐம்பது பேருக்குப் போகிறது. ராசிபலன் வருகிறது, ராகுகாலம் வருகிறது, எந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பது என்பது வருகிறது. விஞ்ஞானம் வந்தால் மூடநம்பிக்கை தானே ஓடிவிடும் என்று நினைத்திருந்தோம். அது ஓடவில்லை. விஞ்ஞானத்தின் தோளிலேயே சௌகரியமாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

இது நிற்க. அந்தத் திருக்கழுக்குன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த மலையில் தினம் உச்சி வேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து பொங்கல் வாங்கித் தின்னும். அவை முனிவர்கள் என்றும், காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்றும் சொல்லி, எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து வெயிலில் காத்துக் கிடந்தார்கள். தினம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வைத்தால் காக்கைகூடத்தான் வரும். அதற்கு முனிவராய்ப் பிறக்க வேண்டியதில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கழுகுகளும் வருவதில்லை. நாட்டில் அந்த இனமே அருகிப்போய்விட்டது. முனிவர்கள் என்னவானார்கள் என்று கேட்டால், கலி முற்றிவிட்டது என்கிறார்கள்!

பறவைக்குச் சோறு வைக்கும் இந்த வித்தையை அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற மனோதத்துவ நிபுணர் 1948-இல் வேறு விதமாய்ச் செய்து பார்த்தார். பசித்த எட்டுப் புறாக்களைத் தனித்தனியே கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே தீனி வந்து விழும்படி செய்தார். என்ன நடந்தது? ஒரு புறா சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. வேறொன்று தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தது. எட்டில் ஆறு, தாம் செய்யும் சடங்கினால்தான் தீனி வருகிறது என்பதுபோல் நடந்துகொண்டன. புறாவின் மூடநம்பிக்கை என்றே அதற்குப் பெயரிட்டு எழுதினார். இன்னொரு உண்மையையும் அவரது ஆராய்ச்சிகள் காட்டின. கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தீனி வரும் என்றிருந்து அது நின்றுபோனால் புறா சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடுகிறது. சில சமயம் வரும், சில சமயம் வராது, எப்போது வரும் என்று தெரியாது என்றிருந்தாலோ, விடாமல் கொத்திக்கொண்டேயிருக்கிறது.

தோழர்களே! கும்பிட்டால் சில சமயம் காரியம் பலிக்கிறது, சில சமயம் பலிப்பதில்லை. ஆகையால் மனிதன் மேலும் மேலும் கும்பிடுகிறான். செல்போனைத் தள்ளினால் பத்தில் ஒரு படம் சிரிப்பு மூட்டுகிறது, ஒன்பது படம் குப்பை. ஆகையால் மேலும் மேலும் தள்ளுகிறான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பக்கத்திற்கு முடிவாவது உண்டா? பத்திரிகை என்றால் கடைசிப் பக்கம் உண்டு, சினிமா என்றால் வணக்கம் போடுவார்கள். இதற்கு முடிவே இல்லாதபடி ஓடவிடும் முறையை 2006-இல் அமைத்த அசா ராஸ்கின் என்ற அமெரிக்கரே பிற்காலத்தில் தாம் செய்ததற்காக வெளிப்படையாக வருந்தினார். இத்தனை படமும் இனாமாய்க் காட்டுகிற கம்பெனிகள் தர்ம சத்திரம் நடத்தவில்லை. நம்முடைய கண்ணையும் பொழுதையும் விளம்பரக்காரனுக்கு வாடகைக்கு விட்டுக் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறார்கள். அதிலேயே சூதாட்டத்தையும் கொண்டுவந்து, கூலிக்காரன் வீட்டுக் குண்டாவரைக்கும் அடகுக்குப் போன பிறகு, அதைத் தடுக்க 2022-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே செய்ய வேண்டி வந்தது.

இதற்கு ஆஸ்திகர்கள் சொல்லும் மருந்து என்னவென்றால், தெய்வபக்தி குறைந்ததால்தான் இந்தக் கேடு, ஆதலால் தியானம் செய், ஜபம் செய் என்பது. கடற்கரைச் சாலை நெடுகப் பார்த்தால் இந்த மருந்துக்குக் கடைகளும் இருக்கின்றன. செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு மௌனத்தைக் காசுக்கு விற்கிறார்கள். கல் தச்சன் ஒரு மாதம் உளி பிடித்தாலும் அந்த மௌனத்தில் இரண்டு நாளுக்குமேல் வாங்க முடியாது. நாம் கேட்பது, ஒரு கடைக்காரனிடம் பறிகொடுத்த பொழுதை மீட்டு மற்றொரு கடைக்காரனிடம் கொடுப்பதற்குப் பெயர் விடுதலையா என்பதுதான். தவிரவும், ஜோசியர்களும் சாமியார்களும் அந்தப் பெட்டிக்குள் எல்லோருக்கும் முந்தி இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, பெட்டியினால் பக்தி கெட்டுப்போயிற்று என்பது சுத்தப் புளுகல்லவா?

அதற்காகச் செல்போனையே உடைத்துப் போடு என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவன் ஒன்று முட்டாளாயிருப்பான், அல்லது வேறு வேலையாள் வைத்துக்கொள்ளச் சக்தியுள்ள பணக்காரனாயிருப்பான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்து இந்தக் கரையெல்லாம் பிணம் விழுந்தபோது, புதுவைக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தார் பிழைத்தது எப்படி? கடல் அம்மனா வந்து சொன்னாள்? சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தியறிந்து டெலிபோன் செய்தார். ஊரிலிருந்த ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஜனங்கள் ஓடினார்கள், பிழைத்தார்கள். இன்று கடலுக்குப் போகிறவர்கள் காற்றையும் அலையையும் பற்றிய எச்சரிக்கையைச் செல்போனில் பார்த்துவிட்டே படகைத் தள்ளுகிறார்கள். அந்த மீனவர் செல்போனைக் கூப்பிடுகிறார். வேலை முடிந்ததும் மடியில் போட்டுக்கொள்ளுகிறார். பஸ்ஸிலிருந்த முப்பது பேரைச் செல்போன் கூப்பிடுகிறது. சங்கதி அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் மனிதனுடைய மானம் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் அந்த வாலிபரையும் கூட்டிக்கொண்டு அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போனோம். (அது அர்ச்சுனனா பகீரதனா என்று பண்டிதர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள், நமக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.) தொண்ணூறு அடி நீளப் பாறையில் யானையும் மானும் குரங்கும் உயிரோடு நிற்கின்றன. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷத்திற்கு மேலாக நிற்கும் வேலைக்கு அவர்கள் கொடுத்தது அரை நிமிஷம், அதுவும் முதுகு!

அதே பாறையில், யானையின் பக்கத்தில், ஒரு பூனை இருக்கிறது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நிம்மதியாய் விளையாடுகின்றன. சாமியார்களைப் பற்றி இதைவிடப் பச்சையாய் நாமும் எழுதியதில்லை. அந்த ஊரிலேயே வேலை செய்யும் வாலிபரைக் கேட்டோம்:

“தம்பி, இந்தப் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா?”

“படத்திலே பார்த்திருக்கேன் அண்ணே. இவ்வளவு கிட்டே நின்னு பார்த்ததில்லை,” என்றார்.

பிறகு அவர் பார்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் பேசவில்லை. எலியின் முதுகை எந்தப் பக்கமிருந்து தட்டியிருப்பான், உளியை எவ்வளவு சாய்த்திருப்பான் என்று தன் கையாலேயே காற்றில் செய்து பார்த்தார். அந்தக் கால் மணி நேரமும் அவர் பையில் இருந்த பெட்டி நாலு தடவை கூவியது. அவருக்குக் காதில் விழவில்லை. வேலைக்காரனுக்கு வேலையில் கவனம் போய்விட்டால் அதற்குமேல் எந்தப் பூசாரிக்கும் அங்கே இடமில்லை. கடையில் மிஷின் வைத்து ஒரே மாதிரிப் பிள்ளையார் அறுத்துக்கொண்டிருக்கும் அவருக்குள், அந்தப் பூனையைச் செய்தவன் ஒருவன் இருப்பதை அன்றுதான் கண்டோம்.

அந்தச் சிற்பிகளுக்குப் பெயரில்லையா? இருக்கிறது. அரசர்கள் தங்கள் பட்டப்பெயர்களைக் கோவில் சுவரெல்லாம் வெட்டிவைத்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோவிலில் ராஜசிம்மன் ஒருவனுக்கே சுமார் 250 பட்டம். வேலை செய்தவர்களின் பெயரோ, திருக்கழுக்குன்றம் சாலையில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் இருக்கிறது. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சில பெயர்கள். மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்கள் இவர்கள்தான் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். உளி தீட்டிக் கொடுத்த கொல்லனும் அதில் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பட்டம் இல்லை, பரம்பரைப் பெருமை இல்லை. பெயரும் தொழிலும் மட்டுமே.

இதை எதற்குச் சொல்லுகிறோமென்றால், 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இதே செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொல்லித் தீர்மானம் செய்தது. அப்புறம் தமிழ்நாட்டில் வால் இல்லாத பெயரே சாதாரணமாயிற்று. வெளி மாகாணத்தார் வந்து பார்த்து அதிசயிக்கும் காரியம் அது. இன்று என்ன நடக்கிறது? பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இல்லாத வாலை, பதினாறு வயதுப் பையன் செல்போனில் ஒட்டிக்கொள்ளுகிறான். ஜாதிப் பாட்டு, ஜாதிக் கத்தி, ஜாதிச் சிங்கம்! தாத்தா வெட்கப்பட்டு அறுத்ததைப் பேரன் பெருமையோடு தைத்துக்கொள்ளுகிறான். அதைப் பார்த்து எதிர்ஜாதிப் பையன் கத்தியைத் தூக்குகிறான். கம்பெனிக்கு இரண்டு பேருடைய கண்ணும் கிடைத்துவிட்டது. பிணம் விழுந்தால் அதையும் படம் பிடித்துக் காட்டி விளம்பரம் சேர்த்துக்கொள்ளும்.

கடைசியாக நம்முடைய யோக்கியதையையும் பார்க்க வேண்டாமா? பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு முகம் தெரியாதவனோடு நடுராத்திரிவரை வாதாடி, அதற்குப் பிரசாரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்குப் பள்ளிப் படிப்பு எட்டாவது வரைதான். மீதி படித்ததெல்லாம் சர்க்கார் நூலகத்தில். 1948-இல் சென்னை மாகாணம் செய்த நூலகச் சட்டத்தின் புண்ணியம் அது, புண்ணியம் என்ற வார்த்தையை இந்த ஒரு இடத்தில் மன்னிக்கவும். அப்படிப்பட்ட நாமே சென்ற வருஷம் மூன்று மாதம் ஒரு புத்தகத்தைக்கூட முழுக்கப் படிக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் நானூறு பேருக்குப் பதில் எழுதியிருந்தோம். ஒருவராவது மனம் மாறினாரா என்று எண்ணிப் பார்த்தால் ஒருவருமில்லை. எதிரி வலுத்தான், நம் பொழுது போயிற்று. பூனைத் தவத்தைப் பரிகசிக்கும் வாயால் இதையும் சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.

ஆகவே நாலு மாதமாய் ஞாயிறு சாயந்திரம் ஒரு மணி நேரம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது என்று வைத்திருக்கிறோம். செல்போன்கள் கடைக்காரரின் பிஸ்கட் டின்னுக்குள் போகும். முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று. மழையடித்த அன்று நாமும் கடைக்காரரும் மட்டும். இப்போது ஒன்பது பேர், அதில் இரண்டு பெண்கள். ஒருவர் சாமி கும்பிடுகிறவர். அவர்தான் அதிகக் கேள்வி கேட்கிறார்.

அந்தக் கல் தச்சுத் தம்பி வருகிற ஞாயிறு பூஞ்சேரிப் பாறையைப் பார்க்க வேண்டும் என்கிறார். தான் வேலை செய்யும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் தன் தொழிலாளிகளின் பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஆத்திரம். எழுத்து பழைய எழுத்து, நமக்கும் சரியாய்ப் படிக்க வராது. படிக்கத் தெரிந்த தோழர் யாராவது இருந்தால் காலை ஏழு மணிக்குச் செங்கற்பட்டு பஸ் நிலையத்தில் திருக்கழுக்குன்றம் வண்டி நிற்கும் இடத்திற்கு வந்துவிடவும்.