ஈரல் டானிக்கும் கைகழுவும் அரசும்

“கல்லீரலைக் காக்கும்”, “ஈரலில் சேர்ந்த நச்சைக் கழுவி வெளியேற்றும்”, “இயற்கை மூலிகை, பக்க விளைவு அறவே இல்லை” என்னும் வாசகங்கள் அச்சிட்ட புட்டிகளும் மாத்திரைகளும் சூரணங்களும் இன்று போய்ச் சேராத ஊர் இந்தியாவில் இல்லை. அரசு மருத்துவர் வந்து சேர ஆண்டுக் கணக்கில் மனுப் போட வேண்டிய இடத்திற்கும் கூரியர் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. கல்லீரல் நோய் கண்ட உழைப்பாளி எதை நம்பிக் காசைக் கொடுக்கிறான், அந்தக் காசு யாரிடம் போய்ச் சேருகிறது, அதற்கிடையில் அவன் இழக்கும் காலம் எத்தகையது என்பவை வெறும் மருத்துவக் கேள்விகள் அல்ல. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலைமையை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

தெற்கு அந்தமானில் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பாம்பூஃப்ளாட். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாற்ற அறிவிப்பு ஒன்றுதான் ஒன்றிய அரசிடமிருந்து தீவுகளுக்குத் தாமதமின்றி வந்து சேரும் பொருள்.) இங்கிருந்து சாத்தம் துறைக்குப் படகில் சில நிமிடங்கள், படகு நின்றுவிட்டால் ஃபெரார்கஞ்ச் வழியாக நெடுந்தூரம் சுற்ற வேண்டும். ஊரில் சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை எதுவானாலும் போர்ட் பிளேரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைதான் தீவுகள் அனைத்துக்கும் கதி. அதற்கும் அப்பால் என்றால் சென்னை அல்லது கொல்கத்தா. கப்பலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இத்தீவுகளில் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் உழைத்துப் பிழைப்பவர்கள். ஒரு இரத்தப் பரிசோதனைக்காக அக்கரைக்குப் போய் வருவதென்றால் அன்றைய கூலி போயிற்று என்று பொருள். புட்டி வியாபாரத்தின் அடித்தளம் இதுதான். அறியாமை மட்டுமே காரணம் என்று சொல்வோர் கூலியிழப்பைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

இத்தீவுகளில் கல்லீரலைத் தாக்குபவை எவை என்று போர்ட் பிளேரிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல ஆய்வு மையம் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வெளியிட்டிருக்கிறது. முதலாவது எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். 1980களின் இறுதியில் “அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்” என்று பெயரிடப்பட்டு மக்களை மிரட்டிய நோய் எலிக்காய்ச்சலே என்பது 1990களில் உறுதியானது. மழைக்காலத்தில் வயலிலும் சேற்றிலும் வேலை செய்பவரையே இது அதிகம் பிடிக்கிறது. முற்றினால் கண் மஞ்சளாகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் கெடுகின்றன. பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற விலை மலிந்த மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பிழைக்க வைக்க முடியும். ஆனால் கண் மஞ்சளானவுடன் “காமாலைதானே” என்று கீழாநெல்லியை அரைத்துக் குடித்து ஒரு வாரம் காத்திருந்தால், அந்த ஒரு வாரமே உயிரைப் பறித்துவிடக்கூடும். கீழாநெல்லியில் நஞ்சு இருக்கிறது என்பதல்ல வாதம். காலம் கழிவதுதான் நஞ்சு.

இரண்டாவது ஹெபடைடிஸ் பி. இதன் கதை இன்னும் கொடுமையானது. அதே ஆய்வு மையத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பரிசோதிக்கப்பட்ட நிக்கோபாரிகளில் 23.3 விழுக்காட்டினரிடமும் ஷோம்பென் மக்களில் 37.8 விழுக்காட்டினரிடமும் இந்த வைரசின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் இருந்தது. ஜாரவாக்களிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் காணப்பட்டது. எட்டு விழுக்காட்டைத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனம் “மிகை பரவல்” என்று வகைப்படுத்துகிறது என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்களின் கனம் விளங்கும். பல்லாண்டு அடங்கிக் கிடந்து கல்லீரல் சுருக்கமாகவும் புற்றாகவும் வெடிக்கும் இந்த வைரசுக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணையைப் போட்டுவிட்டால் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதைப் பெருமளவு தடுக்கலாம். கார் நிக்கோபாரில் 2000ஆம் ஆண்டில் சோதனை முறையில் தடுப்பூசி போடப்பட்டது. நாடு முழுவதற்கும் இது விரிவடைய 2011 ஆயிற்று. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைக்குள் சிக்கியிருந்த சின்னஞ்சிறு கியூபா, தன் சொந்த ஆய்வகத்தில் உருவாக்கிய தடுப்பூசியைக் கொண்டு 1990களின் தொடக்கத்திலேயே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் போடத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது மது. தீவுகளில் அயல்நாட்டு வகை மதுவை விற்பது அனைட்கோ என்னும் அரசுக் கழகம். கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டை அழித்துத் துறைமுகமும் நகரமும் கட்டும் திட்டத்தை முன்னெடுக்கும் நிறுவனமும் அதுவே. ஷோம்பென் மக்களின் உறைவிடம் அந்தக் காடு. வைரசு பீடித்த ஒரு சிறு இனக்குழுவின் வாசலுக்கு லட்சக்கணக்கான வெளியாரைக் கொண்டுவந்து இறக்கத் துடிக்கும் நிர்வாகம் கல்லீரல் நலம் பற்றிப் பேசத் தகுதியுடையதா?

அரசு விட்டுவைத்த இந்த வெற்றிடத்தில்தான் மூலிகை மூலதனம் நுழைகிறது. கிராமத்து வைத்தியரின் உரலும் உலக்கையும் என்று யாரும் மயங்க வேண்டியதில்லை. இது தானியங்கி எந்திரங்களும் விளம்பர நிறுவனங்களும் வழக்குரைஞர் பட்டாளமும் கொண்ட பெருந்தொழில். மருந்து விதிகளின் 158-பி பிரிவின்படி, பழைய நூல்களில் உள்ளபடியே தயாரிக்கப்படும் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு உரிமம் பெற மருத்துவச் சோதனை முடிவு எதையும் காட்ட வேண்டியதில்லை. நூலில் இருக்கிறது என்பதே போதும். “உணவுச் சப்ளிமெண்ட்” என்று பெயரிட்டுவிட்டால் மருந்துச் சட்டத்தின் பார்வையிலிருந்தே நழுவிவிடலாம்.

விளம்பரத்திற்காவது ஒரு கடிவாளம் இருந்ததா? 2018 டிசம்பரில் மருந்து விதிகளில் 170ஆம் விதி சேர்க்கப்பட்டது. ஆயுஷ் மருந்துகளை நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை அது தடை செய்தது. எந்த விளம்பரத்திற்கும் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் முன்அனுமதி எண் பெற வேண்டும் என்றது. பின்னர் 2023 ஆகஸ்ட் 29 அன்று ஒன்றிய ஆயுஷ் அமைச்சகமே அந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநில அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியது! நாடாளுமன்றத்தின் சட்டத்தின் கீழ் பிறந்த விதியை ஓர் அமைச்சகக் கடிதம் உறங்க வைத்தது. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்த பிறகும் அரசு வெட்கப்படவில்லை. 2024 ஜூலை 1 அன்று விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. ஆகஸ்ட் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று வழக்கு முடித்து வைக்கப்பட்டதோடு தடையும் முடிந்தது. அதே வழக்கின் சூடு தாங்காமல் 2024 ஏப்ரலில் உத்தராகண்ட் அரசு பதஞ்சலி குழுமத்தின் 14 மருந்துகளின் உரிமத்தை இடைநிறுத்தியது. அந்தப் பட்டியலில் கல்லீரலுக்கென்றே விற்கப்பட்ட லிவாம்ரித் அட்வான்ஸ், லிவோகிரிட் இரண்டும் இருந்தன. சில வாரங்களிலேயே அந்த உத்தரவும் நிறுத்தி வைக்கப்பட்டது.

விமர்சிப்பவர்களின் வாயை அடைக்கும் வேலையும் நடக்கிறது. லிவ் 52 மாத்திரையைக் குறித்துக் கேள்வி எழுப்பிய கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் ஒருவரின் எக்ஸ் கணக்கை முடக்குமாறு, அந்நிறுவனம் தொடுத்த வழக்கில் 2023 செப்டம்பரில் பெங்களூரு நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றத்திற்குப் போன பிறகே கணக்கு மீண்டது. ஆனால் இலங்கையில், மதுவால் கல்லீரல் கெட்ட நோயாளிகளுக்கு ஆறு மாதம் அதே மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டு 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கண்டது. எந்த நீதிமன்றமும் அந்த முடிவை முடக்க முடியாது.

நம் அணிகளுக்குள்ளேயே எழும் வாதங்களுக்கு வருவோம். “சித்த மருத்துவம் தமிழ் மக்களின் பாரம்பரிய அறிவு, அதைக் கேள்விக்குள்ளாக்குவது பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குத் துணை போவதாகும்” என்று சில தோழர்கள் கூறுகின்றனர். இந்த வாதத்தில் மதிக்கத்தக்க ஓர் உணர்வு இருக்கிறது. 84,000 டாலருக்கு ஹெபடைடிஸ் சி மருந்தை விற்ற கிலியட் நிறுவனத்தை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் பாரம்பரிய அறிவுக்கு மரியாதை என்பது அதைச் சோதித்துப் பார்ப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் தோழமை ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். ஹெபடைடிஸ் பி வைரசு தங்கிய 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில் 22 பேரிடம் வைரசின் அடையாளப் புரதம் மறைந்ததாக 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் அதற்கு முந்தைய ஆண்டே கீழாநெல்லியின் மேல் காப்புரிமை பெற்றிருந்தது என்பது தனிக்கதை. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பயன் கிட்டவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வும் உறுதியான சான்று இல்லை என்றது. முதல் செய்தி மட்டும் இன்றுவரை புட்டிகளின் மேல் “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று வாழ்கிறது. பின்வந்த செய்திகளை யாரும் அச்சிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1967 மே 23 அன்று மக்கள் சீனம் மலேரியாவுக்கு எதிராகத் தொடங்கிய ‘523 திட்டத்தில்’ தூ யூயூ பழைய மருத்துவ நூலொன்றின் குறிப்பிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். நூலை வணங்கி நிற்கவில்லை. தாவரத்தைக் கொதிக்க வைத்தபோது பலன் போய்விட்டது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் வேறு வழியில் சாறெடுத்து, விலங்குகளில் சோதித்து, மனிதரில் முதலில் தன்மீதே சோதித்துக்கொண்டார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாரம்பரிய அறிவைக் கம்பெனிகளிடமிருந்து மீட்பதற்கு வழி இதுவே.

“இயற்கையானது, ஆகவே தீங்கில்லை” என்பது அடுத்த வாதம். கொரோனா காலத்தில் ஆயுஷ் அமைச்சகம் நோய் எதிர்ப்புக்கென்று பரப்பிய சீந்தில் கொடி இதற்கு விடை. 2020 இறுதியில் மும்பையில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேரின் கல்லீரல் கெட்டதை மருத்துவர்கள் அறிவித்தனர். அடுத்து நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து அத்தகைய 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. அமைச்சகம் என்ன சொன்னது? அவர்கள் உட்கொண்டது சீந்திலைப் போலவே இருக்கும் வேறு இனமாக இருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்தக் கொடி என்று அரசுக்கே உறுதி சொல்ல முடியாத பொருளை நூற்று நாற்பது கோடி மக்களுக்குப் பரிந்துரைத்தது யார்? கீழாநெல்லியின் கதையும் இதுவே. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளின் சரக்கை மூலக்கூறு முறையில் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் அதே பேரினத்தின் வேறு செடிகள் இருந்தன.

“ஆனால் குணமாகிறதே” என்பது மூன்றாவது. ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலைகள் அசுத்த நீரால் வருகின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எதுவும் செய்யாமலே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்கே பெயர். கருவுற்ற பெண்களுக்கு ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்து என்பதை இந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. 1955-56 குளிர்காலத்தில் டில்லியின் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை கண்டது. குழாயைச் சரிசெய்ததுதான் அதற்கு மருந்து. லிவ் 52 சந்தைக்கு வந்ததும் அதே 1955இல்தான். குழாய்களைவிட மாத்திரை வெகுவேகமாக நாடெங்கும் பரவியது.

நாட்டு வைத்தியரையும் மருந்துக் கடைக்காரரையும் எதிரியாக்கும் பகுத்தறிவுச் செருக்கும் நமக்கு வேண்டாம். காமாலை என்று வருபவரை “முதலில் இரத்தம் சோதித்து வா” என்று திருப்பி அனுப்பும் வைத்தியர் நமது கூட்டாளி.

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் டெனோஃபோவிர், சோஃபோஸ்புவிர் மருந்துகளும் இலவசம். ஆகவே தீவிலுள்ள கட்சிக் கிளைகள் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியவை உள்ளன. பாம்பூஃப்ளாட் சமுதாய சுகாதார மையத்தில் இந்தப் பரிசோதனை எந்தெந்த நாட்களில் நடக்கிறது? மருந்து அங்கேயே கிடைக்கிறதா, அக்கரைக்குத்தான் போக வேண்டுமா? கடந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் சோதனை செய்யப்பட்டது? அங்கே பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு முதல் 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடப்பட்டது? பதில் வந்ததும் அதை அப்படியே அச்சிட்டு, படகுத்துறையில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதை அச்சிட வேண்டும்.