தானே சேமிக்கும் கணினி

தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் கண்டபோது, அவற்றுள் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்பது மரபுவழிச் செய்தி. ஓலை அழியுமுன் படியெடுத்துக் காப்பது முன்னோர் வழக்கம். எதைப் படியெடுப்பது என்பதை மனிதரே தேர்ந்தனர்.

இன்று அப்பணியை மென்பொருள் ஏற்றுள்ளது. கம்மாபுரத்து மாணவர் ஒருவர் இணைய இணைப்புடன் கூகுள் ஆவணத்தில் கட்டுரை எழுதுகையில் மின்சாரம் நின்றாலும், அதுவரை சேமிக்கப்பட்டவை அழிவதில்லை. இது பெரும் நன்மையே.

ஆயினும், இதில் இழப்பும் உண்டு. முன்பு, செய்த திருத்தம் பிடிக்கவில்லையெனில் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிடலாம். பழைய வடிவம் அப்படியே இருக்கும். தானியங்கிச் சேமிப்பிலோ தவறான திருத்தமும் உடனே பதிவாகிவிடுகிறது. பதிப்பு வரலாற்றின் வழியே முந்தைய வடிவத்தை மீட்கலாம். அவ்வழி அறிந்தவர்க்கே பயன்படும். மேலும், 'சேமிக்கவா?' என்னும் வினா, எழுதியதை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்தது. அவ்வினா மறைந்தபின், வேண்டியவையும் வேண்டாதவையும் தலைப்பின்றிக் குவிகின்றன.

எனவே, பெருந்திருத்தத்திற்கு முன் தனிப்படி எடுத்துப் பெயரிடுதல் வேண்டும். காக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். எதைக் காப்பது என்னும் முடிவை ஒப்படைத்தலாகாது.