கூட்டுக் குடித்தனமா, தனிக் குடித்தனமா?

சென்ற இதழில் கூண்டு வாங்குவது பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று மனசை என்னவோ செய்தது. "எட்டு ஜீப்ரா பிஞ்ச் வாங்கி ஒரே கூண்டில் விட்டோம். நாலு மாசமாய் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிழைத்துப் பறந்தது ஒரே ஒரு குஞ்சு. மற்றதெல்லாம் காலையில் கூண்டுக்கடியில் கிடக்கிறது. சின்னவள் பார்த்துவிடப் போகிறாளே என்று நான்தான் முதலில் எழுந்து அள்ளிப் போடுகிறேன். யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் இவர்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம், அம்மா. குருவிகள் மேல் குற்றமில்லை. குடிவைத்த விதத்தில்தான் கோளாறு.

ஜீப்ரா பிஞ்ச், ஆஸ்திரேலியாவின் வறண்ட பூமியில் கூட்டமாய் வாழும் குருவி. கூட்டமாய் வாழ்கிறதே, அப்படியானால் ஒரே கூண்டில் விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கே பக்கத்து வீட்டுக்காரன் வம்புக்கு வந்தால் அடுத்த புதருக்குப் போய்விடலாம். நாலடிக் கூண்டில் எங்கே போவது? ஒரு ஜோடி முட்டையிட்டு அடைகாக்கும் கலயத்துக்குள் இன்னொரு ஜோடி நாரைக் கொண்டுவந்து திணிக்கும். பழைய முட்டைகள் அடியில் புதைந்து போகும், மேலே புது முட்டை! கதகதப்பு எதற்கும் சரியாய்க் கிடைக்காது. குஞ்சு பொரித்த பிறகும் இந்தச் சண்டை நிற்பதில்லை. கலயத்தைப் பிடிக்க வருகிறவன் குஞ்சை இழுத்து வெளியே போட்டுவிடுவான். நீங்கள் காலையில் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். எட்டு என்றால் நாலு ஆண், நாலு பெண்தானா? கடைக்காரர் கைக்கு வந்ததைப் பிடித்துப் போட்டிருப்பார். சாதாரண சாம்பல் நிறத்தில் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும் மார்பில் கறுப்புக் கோடுகளும் இருந்தால் ஆண். மூக்கும் நல்ல சிவப்பாக இருக்கும். பெண்ணுக்குத் திட்டு கிடையாது, மூக்கு வெளிறிய ஆரஞ்சு. ஜோடியில்லாமல் ஒரு ஆண் மிஞ்சினால் போதும், எல்லார் வீட்டு வாசலிலும் அவன்தான் நிற்பான். ஒரு பெண் மிஞ்சினால் மற்றவர் கலயத்தில் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும்.

அதற்காகக் கூட்டுக் கூண்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இடம் இருக்கிறவர்கள் வைக்கலாம். ஆறடி நீளமாவது வேண்டும். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம், குருவி பக்கவாட்டில்தானே பறக்கிறது! மூன்று நாலு ஜோடிக்கு மேல் அதிலும் வேண்டாம். இரண்டே ஜோடி விடுவது எல்லாவற்றையும்விட மோசம். ஒன்று மற்றதை நாள் முழுக்க விரட்டும். ஜோடிக்கு இரண்டு கலயமாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் அத்தனை பேருக்கும் அதுதான் வேண்டும்.

ஆனால் குஞ்சு தங்க வேண்டும், எது யாருடைய பிள்ளை என்று தெரிய வேண்டும் என்றால் தனி ஜோடிதான். காட்டில் ஜீப்ரா பிஞ்ச் ஜோடிக்கு மிகவும் விசுவாசம். கூட்டுக் கூண்டிலோ, கால்வாசிக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு அப்பன் வேறு என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. நிறம் பார்த்து வளர்ப்பவர்கள் எழுதி வைக்கும் கணக்கெல்லாம் அங்கே வீண்தான்.

சரி, யாரை யாரோடு சேர்ப்பது? இங்கேதான் கூட்டுக் கூண்டு கைகொடுக்கிறது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிலையத்தார் 2015-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தாமாகத் தேடிக்கொண்ட ஜோடிகளையும், பிரித்து வேறு ஒன்றோடு சேர்த்துவைத்த ஜோடிகளையும் ஒப்பிட்டார்கள். தாமாகச் சேர்ந்தவற்றுக்குப் பிழைத்த குஞ்சுகள் 37 சதவிகிதம் அதிகம். (வரன் பார்க்கிற பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது குருவி சமாசாரம்!) ஆகவே கலயம் எதுவும் கட்டாமல் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு ஓரிரு வாரம் கவனியுங்கள். எது எதன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து இறகு கோதுகிறதோ அதுதான் ஜோடி. அப்படியே பிடித்து இரண்டரை, மூன்றடிக் கூண்டில் தனியே விடுங்கள். கூண்டுகளை ஒரே கூடத்தில் வையுங்கள். அடுத்த வீட்டுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் இதற்குத் தெம்பு. அண்ணன் தங்கையை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

பெங்காலி பிஞ்ச் வைத்திருப்பவர்கள், "எங்களுடையது சாது, சண்டையே போடாது" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த அன்பே ஆபத்து. ராத்திரியானால் அத்தனையும் ஒரே கலயத்துக்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் முட்டை எங்கே பிழைக்கும்? அதற்கும் தனி ஜோடிதான் நல்லது. பெயரில்தான் வங்காளம். ஜப்பானில் இருநூறு வருஷத்துக்கு மேலாக வீட்டில் வளர்ந்து வந்த ஜாதி இது. இதன் காட்டு மூதாதை வெண்முதுகுச் சில்லை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. அதையோ வேறு சில்லைகளையோ யாராவது பிடித்து வந்து விற்றால் வாங்காதீர்கள். நம் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடிதம் எழுதிய சகோதரி இப்போது செய்ய வேண்டியது: எந்தக் கலயத்திலாவது குஞ்சு இருந்தால் அந்த ஜோடியை அசைக்காமல், மற்றக் குருவிகளை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். காலிக் கலயங்களை எடுத்துவிடுங்கள். தினையோடு, நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரை ஒரு துண்டு கம்பியில் செருகி வையுங்கள். முட்டை ஓடு கெட்டிப்பட அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வேண்டும். குஞ்சு இருக்கும்போது வெந்த முட்டையை மசித்து ஒரு ஸ்பூன். முட்டை புழங்காத வீடாக இருந்தால் முளைகட்டிய தினை. மிச்சத்தை மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும், புளித்துப் போகும். கூடு கட்டப் போடும் தேங்காய் நாரை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். நீளமாய் இருந்தால் காலில் சுற்றிக்கொள்ளும்.

முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம், கலயத்தைவிட்டு வெளியே வர மூன்று வாரம். வந்ததும் பிரித்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு வாரம் தாய் தகப்பன் ஊட்ட வேண்டும். தானாகத் தினை கொத்தித் தின்னும் என்று நிச்சயமான பிறகு, கறுப்பு மூக்கு சிவக்க ஆரம்பிக்கும்போது வேறு கூண்டுக்கு மாற்றலாம். இப்படி வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஈடு. அதற்கு மேல் பெண் குருவி தாங்காது, கலயத்தை அவிழ்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.