குளிசை வந்துசேர ஒரு விலாசம் வேண்டும்



2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கிளினிக்குக்குப் போக முடியாத பிறசர், சீனி நோயாளரின் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்ப அப்போது நாடு முழுவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்குப் பெயர் உண்டு, வீட்டுக்கு இலக்கம் உண்டு. தபால்காரர் படலையில் நின்று மணியடிப்பார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை.

நமது லயத்துக்கு யார் மணியடிப்பது? இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம், பல தோட்டங்களில் இன்னமும் வீட்டுக்கென்று ஒரு விலாசம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசில் கிடக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்து வேலை இழந்த பிள்ளைகளை நமக்குத் தெரியும். குளிசைப் பொதியும் அந்த மேசையில்தானே கிடக்கும்?

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பியதோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போச்சு. பஸ் காசு வேறு. மருந்து அங்கே இல்லையென்றால் வெளியே பாமசியில் வாங்க வேண்டும். அதனால் நம் பெண்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை போட்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். தலைசுற்று இல்லாவிட்டால் பிறசர் இல்லை என்று நிறுத்தியும் விடுகிறார்கள். பிறசர் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கை கால் இழுத்த பிறகுதான் தெரிகிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அம்மாவின் குளிசை உறையைப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். "சேர், இது காலையிலயா, இரவிலயா?" உறையில் இருந்தது சிங்களம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைதான் இன்றைக்கும் அம்மாவுக்கு மருந்தாளர்.

மாதக் குளிசையைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே கொடுக்கலாம். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்குப் பேர் போடலாம். உறையில் தமிழில் எழுதலாம். லயத்துக் கதவில் ஓர் இலக்கம் அடிக்கப் பெரிய செலவா? ஊரடங்குக்காக ஒரே மாதத்தில் செய்ய முடிந்தவர்கள் கம்பனியோடு பேச வேண்டும் என்று இனியும் இழுக்கக் கூடாது.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள குளிசை உறைகளைக் கழுவாமல், கிழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். துரையின் மேசையில் அவற்றைத்தான் கொட்டப்போகிறோம்.