எல்லாமே அவசரம் என்றால்

பேரன் ஆடும் 'ஹாட்ரிக்' என்ற இணையக் கால்பந்து நிர்வாக ஆட்டம் 1997-ல் சுவீடனில் பிறந்தது. ஒரு போட்டியை 'பருவத்தின் முக்கியப் போட்டி' என்று அறிவித்தால், அன்று அணியின் நடுக்களம் வலுக்கும். பிறகு உற்சாகம் ஏறக்குறையப் பாதியாகச் சரியும். 'நிதானமாக ஆடுங்கள்' என்றால் அன்று நடுக்களம் தளரும், உற்சாகம் ஏறும்.

நியாயமான விதி என்பேன். பிரெஞ்சில் 'லு மொரால்' என்றால் மனத்தெம்பு. 'லா மொரால்' என்றால் ஒழுக்கம். ஒழுக்கத்தை உத்தரவு போட்டுக் காக்கலாம். தெம்பைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

எல்லாக் கோப்பிலும் 'அவசரம்' சீட்டு ஒட்டிய அதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தேன். மார்ச் 31 வந்தபோது அந்தச் சீட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எளிய எதிரணியிடம் சேமியுங்கள். சமபலம் உள்ளவரிடம் செலவிடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தினமும் ஓவர்டைம் கேட்கும் மேலாளர்களுக்கும் இதையே சொல்வேன்.