பாட்டு ஜோர், இசைத்தட்டு கடைக்கே வரவில்லை!

16 வயதில் அமெரிக்கா முழுவதையும் ஒரே பாட்டில் மடக்கிப் போட்டவர் அவர். 30 வயது தாண்டியதும் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எச்சில் தட்டு கழுவினார். 59 வயதில் நெஞ்சு அடைத்துச் செத்தார். பெயர் அலெக்ஸ் சில்டன். ராக் பாடகர். பாட்டும் அவரே எழுதுவார்.

"எல்லாம் தலைவிதி" என்கிறார்கள் சிலர். "காலத்துக்கு முந்திப் பாடிவிட்டார், பாவம்" என்கிறார்கள் விமர்சகர்கள். இரண்டும் சப்பைக்கட்டு. சில்டனையும் அவரது கூட்டாளிகளையும் கவிழ்த்தது விதி அல்ல. சரக்கைக் கடைக்கு அனுப்பாத கம்பெனிகள்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

எல்விஸ் ஊர்ப் பையன்

சில்டன் 1950-ம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸ் நகரில் பிறந்தார். எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த அதே ஊர். 1967-ல் "பாக்ஸ் டாப்ஸ்" என்ற குழுவில் சேர்ந்து "தி லெட்டர்" என்ற பாட்டைப் பாடினார். இரண்டு நிமிஷம்கூட ஓடாத பாட்டு. நாலு வாரம் அமெரிக்காவில் முதல் இடம்! லட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் அங்கே அவர் இஷ்டம் செல்லவில்லை. தயாரிப்பாளர் வைத்ததுதான் சட்டம். 1970-ல் வெளியே வந்துவிட்டார். சொந்தமாக எழுதிச் சொந்தமாகப் பாட வேண்டும் என்ற வெறி.

1971-ல் மெம்பிசில் மூன்று பேருடன் கை கோத்தார். கிதார் வாசித்துப் பாட்டும் எழுதும் கிறிஸ் பெல், பேஸ் கிதார் ஆண்டி ஹம்மல், டிரம் அடிக்கும் ஜோடி ஸ்டீபன்ஸ். நாலு பேருமே இருபதை ஒட்டிய வயசு.

குழுவுக்கு "பிக் ஸ்டார்" என்று பெயர் வைத்தார்கள். நட்சத்திரக் கனவில் வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பாட்டுப் பதிவு செய்த "ஆர்டென்ட்" ஸ்டூடியோவுக்கு எதிரே அந்தப் பெயரில் ஒரு மளிகைக் கடை இருந்தது. போர்டைப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். அந்த மளிகைக் கடையில் சரக்கு இருந்தது. அதன் பெயரை வைத்துக்கொண்ட குழுவின் சரக்குத்தான் கடைகளில் கிடைக்கவில்லை!

தட்டு எங்கே?

1972-ல் முதல் எல்.பி. ரிக்கார்டு வந்தது. அதற்கு "நம்பர் ஒன் ரெக்கார்டு" என்றே பெயர். பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. இத்தனைக்குப் பிறகு விற்க வேண்டியதுதானே?

விற்கவில்லை. நாடு முழுக்க அனுப்பும் பொறுப்பு "ஸ்டாக்ஸ்" கம்பெனியிடம் இருந்தது. கறுப்பின மக்களின் "சோல்" இசையில் கொடி கட்டிப் பறந்த கம்பெனி அது. ராக் பாட்டை எந்தக் கடையில், யாரிடம் விற்பது என்ற பழக்கம் அதற்கு இல்லை. பத்திரிகையில் படித்துவிட்டு ஆசையாகத் தேடியவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. போணியானது 10 ஆயிரத்துக்கும் குறைவு.

அதே ஆண்டில் ஸ்டாக்ஸ், "கொலம்பியா" என்ற பெரிய கம்பெனியுடன் வினியோக ஒப்பந்தம் போட்டது. இனி கஷ்டம் தீர்ந்தது என்று பார்த்தால், கஷ்டம் இரட்டிப்பு ஆனது. ஸ்டாக்ஸ் வைத்து இருந்த பழைய ஏஜெண்டுகளைக் கொலம்பியா சேர்க்கவில்லை. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சத் தட்டும் திரும்பிப் போனது.

1974-ல் "ரேடியோ சிட்டி" என்ற இரண்டாவது தட்டு வந்தது. மறுபடியும் பத்திரிகைகளில் பாராட்டு. அதற்குள் இரண்டு கம்பெனிகளுக்கும் தகராறு முற்றிவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்தத் தட்டு சுமார் 20 ஆயிரத்தோடு நின்றது. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவால். 1974-ல் பதிவு செய்த மூன்றாவது தட்டு, 1978 வரை வெளியே தலைகாட்டவில்லை.

நாலு பேர், நாலு திசை

முதல் தட்டுக்காக ராப்பகலாக உழைத்தவர் கிறிஸ் பெல். அது விலை போகாததில் மனம் உடைந்து 1972 முடிவதற்குள் விலகினார். அப்பாவின் ஓட்டல் தொழிலில் வேலை பார்த்தார். 1978 டிசம்பர் 27-ந் தேதி அவருடைய கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. பெல் பலி. அவருக்கு வயது 27. மறுநாள் சில்டனுக்குப் பிறந்த நாள்.

ஹம்மல் படிப்பை முடித்து, விமானம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர் ஆனார். ஸ்டீபன்ஸ் பிற்பாடு அதே ஆர்டென்ட் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

சில்டன் 1982-ல் நியூ ஆர்லியன்ஸ் போனார். பாத்திரம் கழுவினார். கூட்டிப் பெருக்கினார். மரக்கிளை வெட்டினார்.

"அவர் குடிகாரர், பிடிவாதக்காரர், தானே கெடுத்துக்கொண்டார்" என்று ஒரு பேச்சு உண்டு. 70-களின் நடுவில் அவர் குடித்தது நிஜம். யாரையும் அனுசரித்துப் போகாததும் நிஜம். ஆனால் 1972-ல் கடையில் தட்டு இல்லாமல் போனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? லாரி கிளம்பாததற்குப் பாட்டுக்காரனா ஜவாப்தாரி?

காலத்துக்கு முந்தின பாட்டு என்பதும் எடுபடாது. அப்படியானால் 1972-ம் ஆண்டுப் பத்திரிகைக்காரனுக்கு மட்டும் அது எப்படிப் பிடித்தது?

தாமதமாக வந்த மவுசு

80-களில் பிக் ஸ்டாருக்கு மவுசு வந்தது. "ஆர்.இ.எம்." போன்ற பெயர் பெற்ற குழுக்கள் அவர்களைக் குரு ஸ்தானத்தில் வைத்தன. 1986-ல் "பேங்கிள்ஸ்" என்ற பெண்கள் குழு, சில்டன் எழுதிய "செப்டம்பர் கேர்ல்ஸ்" பாட்டைத் தங்கள் தட்டில் சேர்த்தது. அந்தத் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. 1987-ல் "ரீப்ளேஸ்மெண்ட்ஸ்" குழு, "அலெக்ஸ் சில்டன்" என்று அவர் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது.

1998-ல் ஆரம்பித்த "தட் செவன்டீஸ் ஷோ" டெலிவிஷன் தொடருக்கு, சில்டனும் பெல்லும் எழுதிய பாட்டுதான் முகப்புப் பாட்டு. ஒரு தடவை ஒளிபரப்பானால் தனக்கு 70 டாலர் வருவதாக 2000-ல் சில்டனே சொன்னார். 2003-ல் "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகை உலகின் தலைசிறந்த 500 தட்டுகளைப் பட்டியல் போட்டது. பிக் ஸ்டாரின் பழைய தட்டுகள் மூன்றுமே அதில் இருந்தன!

2010 மார்ச் 17-ந் தேதி சில்டன் மாரடைப்பில் இறந்தார். அதற்கு முந்தின நாட்களில் வீட்டில் புல் வெட்டும்போதே அவருக்கு மூச்சுத் திணறி இருக்கிறது. டாக்டரிடம் போகவில்லை. மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாததும் ஒரு காரணம் என்று அவர் மனைவி பத்திரிகையில் சொன்னார். மூன்று நாள் கழித்து ஆஸ்டின் நகரில் பிக் ஸ்டார் கச்சேரி இருந்தது. அதுவே அஞ்சலிக் கூட்டமாக மாறியது. அதே ஜூலையில் ஹம்மலும் புற்றுநோயில் போய்விட்டார். மிச்சம் இருப்பது ஸ்டீபன்ஸ் ஒருவர்தான்.

யார் கணக்கில் நஷ்டம்?

சரக்கு ஒழுங்காகப் போயிருந்தால் கட்டாயம் விற்றிருக்குமா? அந்த உத்தரவாதத்தை யாரும் தர முடியாது. ஆனால் கடைக்கே போகாத சரக்கை "விலை போகாத சரக்கு" என்று சொல்லக் கூடாது. கல்லாவில் உட்கார்ந்தவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

கம்பெனிகள் சண்டை போட்டன, திவால் ஆயின, கை மாறின. அவர்களுக்கு அது ஒரு கணக்கு. பாட்டுக்காரனுக்கோ அது இருபது வயசு. அதை யார் திருப்பிக் கொடுப்பது? பாட்டை எழுதி வாங்கும் கம்பெனி, எத்தனை ஊருக்கு, எந்தத் தேதிக்குள் தட்டு போய்ச் சேரும் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் பாட்டு, எழுதியவனிடமே திரும்ப வேண்டும். அரிசி மூட்டைக்கு உள்ள நியாயம் பாட்டுக்குக் கிடையாதா?

செத்த பிறகு "மேதை" என்று பட்டம் கொடுப்பது ரொம்பச் சுலபம். அதற்கு லாரி வாடகை கிடையாது.