902 டாலர் ஆடு. 3 லட்சம் டாலர் நஷ்டஈடு!

ஒரு வெள்ளாடு. ஏலத்தில் அதன் விலை 902 டாலர். அந்த ஆட்டுக்காக அமெரிக்காவில் ஒரு ஜில்லா நிர்வாகம் 3 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது!

காரணம், 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் கண்ணீர். தான் வளர்த்த ஆட்டை வெட்டக் கூடாது என்று அவள் அழுதாள். பெரியவர்கள் கேட்கவில்லை.

நான்கு 'எச்'

அமெரிக்காவில் கோடைகாலம் வந்தால் ஜில்லா தோறும் பொருட்காட்சி நடக்கும். ராட்டினம், தின்பண்டக் கடை எல்லாம் இருக்கும். ஆனால் கூட்டம் அதிகமாக நிற்பது கால்நடைக் கொட்டகை முன்புதான். ஆடு, மாடு, பன்றி, கோழி ஆகியவற்றைச் சிறுவர் சிறுமியரே வளர்த்துக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இதற்கென்றே ஒரு சங்கம் உண்டு. தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும். எனவே, 'நான்கு எச்' சங்கம் என்று பெயர். இதற்கு வித்திட்டவர் ஏ. பி. கிரகாம். 1902-ம் ஆண்டில் ஓஹியோ மாநிலத்தில் பள்ளிக்கூட மேலதிகாரியாக இருந்தவர். 1914-ம் ஆண்டில் வந்த சட்டம் ஒன்று, இந்த வேலைக்கு அரசாங்க உதவி கிடைக்க வழி செய்தது.

விளையாட்டு அல்ல

பிள்ளைகளுக்கு இது விளையாட்டு அல்ல. வசந்தகாலத்தில் 50, 60 பவுண்டு எடையுள்ள பன்றிக்குட்டி வாங்கினால், கோடையில் அது 250 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். காலையும் மாலையும் தீனி வைக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். கூட நடந்து பழக்க வேண்டும். தீனிக்கு ஆன செலவை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பொருட்காட்சியின் முடிவில் ஏலம் நடக்கும். ஊர் வியாபாரிகள் பிள்ளைகளை ஊக்குவிப்பதற்காகச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து எடுப்பார்கள். பலர் அந்தப் பணத்தைக் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்து வைப்பார்கள்.

ஆனால் இறைச்சிக்கென்று ஏலம் போன பிராணி வீடு திரும்பாது. நேரே கசாப்புக்குத்தான் போகும்.

துரத்திய போலீஸ்

2022-ம் ஆண்டு ஜூன் மாதம், கலிபோர்னியாவில் ஷாஸ்டா ஜில்லாப் பொருட்காட்சி. சிறுமி கொண்டுவந்த ஆட்டின் பெயர் 'சீடர்'. கசாப்புக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தாய் ஆட்டைத் திருப்பிக் கேட்டார். நஷ்டத்தைத் தந்துவிடுவதாகவும் சொன்னார். ஏலத்தொகையில் பொருட்காட்சிக்குச் சேர வேண்டிய பங்கு வெறும் 63 டாலர் சொச்சம்தான்.

பொருட்காட்சி அதிகாரிகள் மறுத்தார்கள். "ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால், விதியை மதிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்" என்பது அவர்கள் வாதம்.

தாய் ஆட்டை வேறு ஜில்லாவில் உள்ள ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டார். புகார் போயிற்று. போலீசார் வாரண்டு வாங்கினார்கள். 500 மைலுக்கு மேல் பயணம் செய்து ஆட்டைப் பிடித்து வந்தார்கள். அது வெட்டப்பட்டது.

குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2024-ம் ஆண்டு நவம்பரில் ஜில்லா நிர்வாகத் தரப்பு 3 லட்சம் டாலர் கொடுக்க இணங்கியது.

யார் பக்கம் நியாயம்?

விதி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. தட்டில் வரும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லதே. அழுதுகொண்டே ஆட்டைப் பிரிந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் பலர் பின்னாளில் நல்ல விவசாயி ஆனார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டது. 1935-ம் ஆண்டில் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சம்தான். பண்ணையில் பிறந்த குழந்தைக்குக் கசாப்பு புதிதல்ல. பண்ணையை அறியாத குழந்தைக்கு ஆட்டுக்குட்டி கூடப் பிறந்த பிறப்பு மாதிரி!

மேலும், 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தத்தை அவரே ரத்து செய்யலாம் என்பது பொதுவாகக் கலிபோர்னியாவின் சட்டம். பெரியவர்களுக்கான கண்டிப்பை 9 வயதுக் குழந்தையிடம் காட்டலாமா?

வழி இல்லாமல் இல்லை. கறவை மாடும், இனவிருத்திக்கான ஆடும் பொருட்காட்சியில் கலந்துகொண்டு வீடு திரும்புகின்றன. எது திரும்பி வரும், எது வராது என்பதைக் குட்டி வாங்கும் அன்றே குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும். குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். முதல் தடவை வளர்க்கும் குழந்தை மனம் மாறினால், பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை.

சங்கத்தின் பெயரில் உள்ள நான்கு சொற்களில் 'இதயம்' என்பதும் ஒன்று. பெரியவர்கள் அதை மறந்ததற்குக் கொடுத்த விலைதான் 3 லட்சம் டாலர்!